புதுமனையில் எதைத் தேடுகிறோம்?

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மகாவீரர் பிறந்த நாள் விழாவில் வீடு வாங்குவது பற்றிப் பேசுவதா என்று சிலருக்கு ஐயம் எழலாம். துறவியர்க்கு மனை இல்லை. நம்மைப் போன்ற சிராவகர்க்கோ மனையே அறத்தின் களம். நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும், துறவியர்க்கு ஆகாரதானம் அளிப்பதும், முதிய பெற்றோரைப் பேணுவதும் வீட்டுக்குள்தான் நிகழ்கின்றன. அவ்வீடு எங்கே அமைந்தது, எப்படிக் கட்டப்பட்டது, எவ்வளவு கடனில் வாங்கப்பட்டது என்பவை, அங்கே வாழ்வோர் எந்த விரதத்தைக் காக்க முடியும் என்பதையும் ஓரளவு தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே இது விழா மேடைக்குப் புறம்பான பொருள் அன்று.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டுச் சென்னை நோக்கி வந்த நம் குடும்பங்கள் பல, இன்று தாம்பரத்துக்குத் தெற்கே வீடு தேடுகின்றன. ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையும் இதுவே. வேலைக்குப் போகும் மின்தொடர் வண்டியும் இவ்வழியே ஓடுகிறது. 2019 நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் என ஒவ்வொரு நிலையத்தை ஒட்டியும் புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கிழக்கே சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகவும், கடலோரமாகக் கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் விளம்பரப் பலகைகள் நம்மை அழைக்கின்றன. அவ்வழைப்பை ஏற்போருள் பலர், ஊரில் இருந்த நன்செய்யை விற்ற பணத்தையும் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையையும் ஒன்றுசேர்த்துக் கொண்டுவருகிறார்கள். பாட்டன் உழுத நிலமும் தந்தையின் முப்பதாண்டு உழைப்பும் ஒரே கையெழுத்தில் கைமாறுகின்றன. அக்கையெழுத்துக்கு முன்னர் நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மாற்ற முடிவதும் மாற்ற முடியாததும்

கத்தரிக்காய் வாங்கினால்கூட முற்றலா பிஞ்சா என்று அழுத்திப் பார்த்து வாங்குபவர்கள் நாம். புதிய வீட்டைப் பார்க்கப் போகும்போது மட்டும் நம் கண் வேறுவிதமாக இயங்குகிறது. முகப்பின் அழகு, பளபளக்கும் டைல்ஸ், மாடுலர் கிச்சன், குளியலறைக் குழாய்களின் மினுமினுப்பு, வளாகத்து நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவை முதலில் தென்படுகின்றன. மாதிரி வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அலமாரியும் துணிக்கொடியும் அரிசி டிரம்மும் இல்லாத வீடு எப்போதும் அகலமாகத்தான் தோன்றும்.

ஒவ்வொருவர் தேடுவதும் ஒவ்வொன்று. இளைஞர்கள் அலுவலகத் தொலைவையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் கேட்கிறார்கள். முதியவர்கள் லிஃப்ட் உண்டா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். இல்லத்தரசியர் பாத்திரம் துலக்கவும் துணி உலர்த்தவும் இடம் பார்க்கிறார்கள். வாசல் கிழக்கா வடக்கா என்று வாஸ்து பார்ப்போர் பலர். இவற்றுள் எதுவும் குற்றமன்று. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் வீட்டைத் திசை சரியில்லை என்று தள்ளிவிட்டு, திசை சரியான இருட்டறையை வாங்குவதுதான் வருந்தத்தக்கது.

டைல்ஸ் பிடிக்கவில்லையெனில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். வண்ணம் வெளுத்தால் மீண்டும் பூசலாம். சமையலறை மேடையை இடித்துக் கட்டலாம். மாற்றவே முடியாதவை நான்கு: வீடு நிற்கும் நிலம், அங்கே கிடைக்கும் நீர், சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியும் கான்கிரீட்டும், ஆவணத்தின் தூய்மை. மாற்ற முடிவதைக் கண்டு மயங்கி, மாற்ற முடியாததைக் காணாமல் விட்டுவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தவற்றின் சாரம் இதுதான்.

ஊர்ப்பெயர் சொல்லும் உண்மை

தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குகிறேன். செங்கழுநீர்ப்பூ மலிந்த இடம் ஆதலின் செங்கழுநீர்ப்பட்டு என வழங்கிப் பின்னர்ச் செங்கல்பட்டு ஆயிற்று என்பர். செங்கழுநீர் நீரில் மலரும் பூ. நகரை ஒட்டிய கொளவாய் ஏரி இன்றும் அதற்குச் சான்றாகக் கிடக்கிறது. தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவது நீரை நாடித்தான். எனவே மனைப்பிரிவு இருக்கும் பழைய ஊரின் பெயரில் ஏரி, தாங்கல், ஏந்தல், மடு என்ற சொல் இருப்பின், அங்கே சற்று நின்று விசாரியுங்கள். புதிதாக வைக்கப்பட்ட 'நகர்', 'கார்டன்' முதலிய பெயர்களுக்கு அடியில் பழைய பெயர் ஒன்று புதைந்திருக்கும். வருவாய்த்துறையின் கிராம வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் அது வெளிப்படும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட, உலகளவில் போற்றப்படும் ஈரநிலம். நீருக்குரிய இடத்தில் நாம் குடியேறினால், நீர் தன் இடத்தைத் தேடி வரும். அது மட்டுமன்று. ஏரியைத் தூர்த்த மண்ணுக்கு அடியில் மீனும் நத்தையும் தவளையும் எண்ணற்ற சிற்றுயிர்களும் மடிந்து கிடக்கின்றன. அத்தகைய மனை மலிவாகக் கிடைத்தாலும் கொல்லாமை நோன்பினர்க்கு உகந்ததாகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு வீட்டை இரு பருவங்களில் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை ஓய்ந்த மறுநாள் சென்று, தெருவில் நீர் எவ்வளவு நிற்கிறது, எத்திசையில் வடிகிறது என்று பாருங்கள். சித்திரையில் சென்று, கிணற்றில் நீர் உண்டா, லாரியில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். அக்கம்பக்கத்து மளிகைக் கடைக்காரரும் பால்காரரும் சொல்லும் விடை, விற்பனை அலுவலகத்தில் கிடைக்காது.

நீரின் தன்மையையும் சோதித்தறிய வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்றும், வேறு நீராதாரம் இல்லாவிடத்து 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. ஒரு புட்டியில் நீரை எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் விடை கிடைத்துவிடும். ஆர்.ஓ. கருவி இருக்கிறதே என்பர். அக்கருவி ஒரு குடம் நல்ல நீருக்காக அதனினும் மிகுதியான நீரைக் கழிவாக வெளியேற்றுகிறது. துளி நீரிலும் உயிர் உண்டென்று வடிகட்டிப் பருகும் மரபினர் அக்கழிவுநீரை என்ன செய்வது என்பதையும் முன்னரே திட்டமிட வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். தொட்டியும் குழாயும் இருக்கின்றனவா என்று மட்டும் பாராமல், அவை மொட்டைமாடியோடு உண்மையில் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

கடல் தெரியும் வீடு

மாமல்லபுரம் பக்கம் வீடு தேடுவோர் 'கடல் தெரியுமா?' என்று கேட்கிறார்கள். கடலுக்கும் நம்மைத் தெரியும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகில்தான் கரையைக் கடந்தது. இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. சன்னலின் உறுதியையும் தரைமட்டத்தின் உயரத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே.

சட்டத்தின் எல்லைகளும் இங்கே உண்டு. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நடைமுறையில் இருக்கிறது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. மாமல்லபுரத்துக் கலைச்சின்னங்கள் 1984இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். அங்கே வாங்குவோர் இவ்விரு எல்லைகளையும் சரிபார்க்காமல் முன்பணம் கொடுத்தலாகாது.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை மெல்ல அரிக்கும். கம்பி துருவேறினால் பருக்கும். பருத்தால் கான்கிரீட் வெடித்து உதிரும். இதனால்தான் கடலோரச் சூழலுக்கு எம்-30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கவர் கனமும் வேண்டும் என்று இந்தியத் தர விதிமுறை வகுத்துள்ளது. உள்நாட்டில் சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டரே போதும் என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வாங்குவோர் இதைக் கேட்பதே இல்லை. ஆதலால் கட்டுவோர் சொல்வதும் இல்லை.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அவற்றுள் திரௌபதி ரதம் என்பது கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். பதின்மூன்று நூற்றாண்டுகளாகக் கடற்காற்றில் அது நிற்கிறது. அது பாறையின் மீது கட்டப்பட்டதன்று; பாறையிலேயே செதுக்கப்பட்டது. நிலமும் வீடும் அங்கே ஒன்று. நம் வீடுகளுக்கு அப்பேறு இல்லை. ஆகவே அடித்தளத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

எலும்பும் ஏடும்

2014 ஜூன் 28ஆம் நாள் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கே பணிபுரிந்த தொழிலாளர்கள். குடியேறக் காத்திருந்தோர் தப்பினர். கட்டிக் கொடுத்தோர் மாண்டனர். உறுதியான கட்டடத்தை நாம் வற்புறுத்துவது நம் குடும்பத்தின் நலத்துக்காக மட்டுமன்று. சாரத்தில் நிற்கும் எளிய மனிதரின் உயிருக்காகவும்தான். மண் பரிசோதனை அறிக்கை எங்கே, கட்டமைப்புப் பொறியாளர் யார், கான்கிரீட் இட்டபின் எத்தனை நாள் நீராற்றினீர்கள் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பதற்கு நாம் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஏடுகள். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி, கட்டட நிறைவுச் சான்று ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே மேலே செல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குவோர்க்குச் சில காவல்களைத் தந்துள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டங்கள் ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குதல் கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் எழுபது விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அத்திட்டத்துக்கே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை காணப்பட்டால், தெரிவித்த முப்பது நாளில் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

பரப்பளவைக் கேட்கும்போது 'கார்பெட் ஏரியா எவ்வளவு?' என்றே கேளுங்கள். உட்புறச் சுவர்கள் அதில் அடங்கும். வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி அடங்கா. ஓர் எடுத்துக்காட்டு: 1,200 சதுர அடி என்று சொல்லி, அடிக்கு 5,000 ரூபாய் வீதம் 60 லட்சம் கேட்கிறார்கள். படிக்கட்டும் நடைபாதையும் போக நாம் காலூன்றி நிற்கும் பரப்பு 840 சதுர அடியே எனில், உண்மையான விலை அடிக்கு 7,140 ரூபாய்க்கு மேல். அடுக்ககமாயின், பிரிபடாத நிலப்பங்கு எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் முதுமையடையும்; நிலமே எஞ்சும்.

வாங்குமுன் வகுக்கும் அளவு

இதுவரை சொன்னவற்றை எந்தச் சமயத்தவரும் சொல்லலாம். இனிச் சொல்லப்போவது நமக்கே உரியது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று பரிக்கிரகப் பரிமாணம். உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்துக்கு நேரும் மீறல்களை எண்ணும்போது, நிலத்தையும் வீட்டையுமே முதலில் வைக்கிறது. பொன்னும் வெள்ளியும் அவற்றின் பின்னரே வருகின்றன. மனிதன் எளிதில் எல்லை மீறுவது எங்கே என்பதை உமாஸ்வாமி முனிவர் அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்விரதத்தை வீடு வாங்குவதற்கு எப்படிப் பொருத்துவது? வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னரே, குடும்பத்தார் கூடி உட்கார்ந்து, எத்தனை அறை போதும், எவ்வளவு கடன் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பார்த்து மயங்கிய பின்னர் வகுக்கும் அளவு அளவாகாது. ஆசைக்கு எழுதித் தரும் இசைவுச் சீட்டு அது. நாற்பது லட்சத்தை எட்டரை விழுக்காட்டு வட்டியில் இருபது ஆண்டுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய்; மொத்தம் செலுத்துவது 83 லட்சத்துக்கு மேல். கூடுதலாக ஓர் அறை வேண்டுமென்று பத்து லட்சம் மிகுதியாக வாங்கினால், அவ்வறைக்கு இருபது லட்சத்துக்கு மேல் கொடுக்கிறோம். அத்தவணைக்காக ஞாயிறும் உழைக்க நேர்ந்தால், ஜினாலயம் செல்வதும் பெற்றோரிடம் பேசுவதும் எப்போது? கடற்கரையில் இரண்டாவதாக ஒன்றை வாங்கி ஆண்டில் பத்து நாள் மட்டும் திறப்போரும் உளர். பூட்டிய வீட்டை உப்புக்காற்றும் கறையானும்தான் அனுபவிக்கின்றன.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

கார்த்திகை மாதத்து மாலை ஐந்தரை மணிக்கு அவ்வீட்டுச் சமையலறையில் விளக்கேற்றாமல் நின்று பாருங்கள். முறத்தில் இட்ட அரிசியில் வண்டு கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது இரவு உண்ணாமையைக் காக்க உதவும் சமையலறை. பக்கத்துக் கட்டடம் வெளிச்சத்தை மறைத்து, நண்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தால், எத்துணை விலையுயர்ந்த மேடையும் அக்குறையை நீக்காது. அலுவலகத் தொலைவையும் இவ்வாறே அளக்கலாம். வீடு திரும்புமுன் கதிரவன் மறையும் என்றால், மாலை உணவைக் கையோடு கொண்டு செல்லும் ஏற்பாட்டை முன்கூட்டியே வகுக்க வேண்டியிருக்கும்.

கிணறு உண்டா என்று கேளுங்கள். வடிகட்டிய துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்ப்பது நம் மரபு. திறந்த கிணற்றில் அது கூடும். ஆழ்துளைக் கிணற்றில் கூடாது. முனிவர் எழுந்தருளும்போது ஆகாரம் சமைக்கக் கிணற்று நீர் வேண்டும் என்பதையும் அறிவீர்கள். தனிவீட்டில் இடமில்லையெனினும், ஒரு தெருவில் வாழும் நான்கு குடும்பங்கள் ஓர் உறைகிணற்றைப் பேணலாமே.

அடுத்தது துணை. எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர், மனைவியுடன் ஓர் அடுக்ககத்தைப் பார்க்கச் சென்றார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சாயங்காலத்துல இங்க யாரோட பேசுறது?" விற்பனையாளரிடம் அதற்கு விடை இல்லை. அவர்கள் அவ்வீட்டை விட்டுவிட்டு, நம்மவர் மூவர் வாழும் தெருவில், சிறியதாக ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். ஊரிலிருந்து தாயையோ தந்தையையோ அழைத்து வந்து மூன்றாம் மாடியில் அமர்த்தப் போகும் பிள்ளைகள் அந்த அம்மையாரின் கேள்வியை மறவாதிருக்க வேண்டுகிறேன். நடந்து செல்லும் தொலைவில் ஜினாலயம் அமைவது எல்லார்க்கும் வாய்க்காது. நாலைந்து குடும்பங்கள் அருகருகே வாங்கினால் மாதம் ஒரு முறையேனும் கூடி வழிபடலாம்.

ஊர் நிலத்தை விற்று வருவோர்க்கு இன்னும் ஒரு சொல். நிலம் போனாலும் ஊர்ச் ஜினாலயத்தின் விளக்கு எரிய வேண்டும். வீட்டுக் கணக்கை எழுதும் தாளில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நம் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் பொதுப்பணித்துறையிலும் பதிவுத்துறையிலும் வங்கியிலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இருக்கிறார்கள், வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, வீடு வாங்கப் போகும் நம் குடும்பங்களின் ஆவணங்களையும் கட்டட விவரங்களையும் பார்த்துச் சொன்னால் எத்துணை நன்மை! உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நான்கு தானங்களுள், அஞ்சி நிற்பவர்க்கு அச்சம் நீக்கும் அபயதானம் இது.

'வீடு' என்ற சொல் 'விடு' என்பதிலிருந்து பிறந்தது. குடியிருக்கும் மனைக்கும் வினையற்ற பேற்றுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. உழைப்பை விட்டு இளைப்பாறும் இடம் முன்னது. பற்றை விட்டு அடையும் நிலை பின்னது. முன்னதை வாங்கும்போதே பின்னதற்குப் பகையாகாத அளவில் வாங்குவோமாக.

அறம் வளர்க!